சோதனை நாளில் மட்டும் அடக்கிச் சாப்பிட்டால் போதுமா?

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

முதல் பிள்ளை, இப்போது 29ஆவது வாரம். நான்கு வாரத்துக்கு முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்ததில் 163 வந்திருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லி, எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்று முதல் வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. மசக்கை தீர்ந்ததும் திருவையாற்று அசோகா அல்வாவை ஆசையாகச் சாப்பிட்டதால்தான் வந்தது என்கிறார் அம்மா. அம்மாவுக்கே பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும், வயிற்றைக் காயப்போடாதே என்கிறார் மாமியார். இன்சுலின் ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது என்கிறார் ஓரகத்தி. கணவருக்குக் குறுவை நடவு வேலை, பேச நேரமில்லை.

காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி. மதியம் மாமனார் வயலில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பா சோறு, “சுகருக்கு நல்லதுதானே என்று வயிறு நிறைய.” சாயங்காலம் அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவில் கஞ்சி. இரவில் சோற்றை விட்டுவிட்டு இரண்டு ரஸ்க், சில நாள் அதுவும் இல்லை. மூன்று வாரத்தில் ஒன்றரைக் கிலோ எடை குறைந்திருக்கிறது. வீட்டில் மீட்டர் வாங்கிப் பார்க்கிறார். வெறும் வயிற்றில் 85க்கும் 92க்கும் நடுவில் இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 148, 156, 151. மதியத்துக்குப் பிறகு 130க்கு மேல். ஒரு நாள் மாலை மட்டும் 214. “அன்றைக்குக் கோயில் பொங்கலுக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தேன், ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை டாக்டர்” என்று எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது இது: “செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போகும்போது மட்டும் முதல் நாள் ராத்திரி சாப்பிட மாட்டேன். காலையில் ஒரே ஒரு இட்லி. அங்கே 110, 114 என்று வரும். நல்லா இருக்கும்மா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டு நோட்டை நான் காட்டவில்லை. காட்டினால் ஊசி போட்டுவிடுவார்கள்.” அடுத்த வாரம் வளைகாப்பு. ஊசி இல்லாமல் சமாளிக்க முடியுமா, சோற்றையே விட்டுவிடட்டுமா, ஆபரேஷன்தானா, பிள்ளைக்கும் வருமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மேல் கோபம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் சோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்து வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண் நன்றாக வந்தால் டாக்டர் திட்ட மாட்டார், வீட்டில் நிம்மதி என்கிற நினைப்புதான். ஆனால் அம்மா, அந்த 114 உங்கள் சர்க்கரையின் எண் இல்லை, ஒரு இட்லியின் எண். மற்ற ஆறு நாளும் காலையில் 150 ஓடுகிறது. குழந்தை வளர்வது அந்த ஆறு நாளிலும்தான்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். உங்கள் இன்சுலின் போகாது. வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது. அந்த இன்சுலின் குழந்தையைக் கொழுக்க வைக்கும், குறிப்பாகத் தோள்பட்டையையும் வயிற்றுப் பகுதியையும். பிரசவத்தில் தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்வது இதனால்தான். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் உங்களிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே குறையாது. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை கிடுகிடுவென இறங்கலாம். இவை எல்லாவற்றையும் பெருமளவு தடுக்க முடியும். அதற்கு உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் உண்மையான எண் இருக்க வேண்டும்.

அல்வாவால் வந்ததா?

இல்லை. உங்கள் அம்மாவிடம் இதைக் காட்டுங்கள். கர்ப்பத்தின் பாதியைத் தாண்டும்போது நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் அம்மாவின் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். குழந்தைக்குச் சத்துப் போய்ச் சேர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களின் கணையம் இரண்டு மூன்று மடங்கு சுரந்து ஈடுகட்டிவிடும். சிலரால் அந்த அளவுக்கு முடியாது. பெற்றவர்களுக்குச் சர்க்கரை இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது. உங்கள் மேல் பழி போட இதில் எதுவும் இல்லை, அம்மா மேலும் இல்லை.

உங்களுக்குச் செய்த சோதனையும் சரியானதுதான். 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டு வந்தாலும் சாப்பிடாமல் வந்தாலும் செய்யலாம். கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வா என்று திருப்பி அனுப்பினால் பாதிப் பேர் வர மாட்டார்கள். அதை யோசித்து இந்த எளிய முறையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் சென்னை மருத்துவர் சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10தான் நம் நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்று தமிழ்நாட்டில் 2007லேயே அரசாணை வந்துவிட்டது.

சோற்றை விட வேண்டாம், சுற்றைக் குறையுங்கள்

நம் டெல்டாக்காரர்களின் சாப்பாட்டை ஒரு வெளியூர்க்காரர் கண்ணால் பாருங்கள். முதலில் குழம்புக்குச் சோறு, அப்புறம் ரசத்துக்குச் சோறு, கடைசியில் மோருக்குச் சோறு. ஒரே வேளையில் மூன்று சாப்பாடு. பொரியல் ஓரமாக ஒரு கரண்டி. மாப்பிள்ளைச் சம்பா நல்ல அரிசிதான், நார்ச்சத்து உண்டு, வெள்ளையரிசியைவிட மெல்லச் செரிக்கும். ஆனாலும் அது அரிசி. மூன்று சுற்று சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கஞ்சி வடித்த சோறென்றாலும் கணக்கு மாறாது. இரண்டு நடுத்தரச் சப்பாத்தியிலும் ஒரு கப் சோற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு மாவுச்சத்துதான். அதனால் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு கப் எடுத்து அளந்து சோறு போடுங்கள், அவ்வளவுதான் மதியத்துக்கு. அதில் முக்கால்வாசியைக் குழம்போடும் மீதியை மோரோடும் சாப்பிடுங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம், மிளகு ரசம் தனியாகக் குடிக்க இன்னும் ருசி. தட்டில் பாதி காய்: வாழைத்தண்டு, வாழைப்பூ, புடலை, அவரை, கீரை என்று கொல்லையிலும் சந்தையிலும் கிடைப்பது எதுவானாலும் சரி. கால்வாசி மீன், முட்டை, பருப்பு, பயறு. மத்தி, நெத்திலி, கெண்டை, விரால் எல்லாம் நல்லது, பொரிப்பதைவிடக் குழம்பில் போடுங்கள். இன்னொரு சின்ன வித்தை: காயையும் மீனையும் முதலில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போங்கள். அதே சோறு, ஆனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

உங்கள் காலை எண்தான் எனக்குக் கவலை. அதற்குக் காரணம் அந்தச் சொம்பு என்று நினைக்கிறேன். கேழ்வரகு நல்ல தானியம். ஆனால் மாவாக அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்தால் வயிற்றில் தங்காமல் வேகமாக இறங்கி, வேகமாக ரத்தத்தில் ஏறிவிடும். கர்ப்பத்தில் காலை வேளையில் இன்சுலின் வேலை செய்வதும் மந்தமாக இருக்கும். அதனால் காலையில்தான் மாவுச்சத்து மிகக் குறைவாக இருக்க வேண்டும். நாளையிலிருந்து கஞ்சியை நிறுத்திவிட்டு இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாசிப்பயறு அடை சுடலாம். அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் கலந்திருக்கிறது. உங்கள் நிலையில் அது வேண்டாம். அங்கன்வாடி அம்மாவிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சையைப் பழக் கணக்கில் சேருங்கள், ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் வேண்டாம். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் ரத்தத்துக்குச் சர்க்கரைதான். பழச்சாறு வேண்டாம், அரைக் கொய்யாவைக் கடித்துச் சாப்பிடலாம்.

இரவுப் பட்டினி உடனே நிற்க வேண்டும். நீங்கள் செய்வதிலேயே எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். மாவுச்சத்து கிடைக்காதபோது உடம்பு கொழுப்பை எரிக்கும், கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் சேரும், கர்ப்பத்தில் அது நல்லதல்ல. ஒரு கர்ப்பிணிக்கு நாளுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும் என்பது பொதுவான அளவு. இந்த மாதங்களில் மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ கூட வேண்டிய நேரத்தில் நீங்கள் குறைந்திருக்கிறீர்கள். மாமியார் சொல்லும் இரண்டு உயிர்க் கணக்கு அளவில் தவறு, அக்கறையில் தவறில்லை. வயிற்றைக் காயப்போடாதே என்று அவர் சொன்னது சரிதான். இரவு ஏழரைக்கு இரண்டு தோசையும் கூட்டும், படுக்கும் முன் சர்க்கரை போடாத ஒரு டம்ளர் பால். நடுவில் பதினொரு மணிக்கும் நாலரைக்கும் ஒரு கைப்பிடிச் சுண்டல் அல்லது வேர்க்கடலை, கூடவே மோர். மூன்று பெரிய வேளையை மூன்று நடுத்தர வேளை, மூன்று சிறு வேளை என்று பிரிப்பதுதான் இதில் முக்கியம்.

ஒவ்வொரு வேளைக்கும் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். வாய்க்கால் கரை வேண்டாம், வழுக்கும். தெருவிலேயே நாலு வீடு போய் வந்தால் போதும். பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி, யாரோ கொடுத்த கஷாயம் எதுவும் இப்போது வேண்டாம். பாகற்காயைக் கறியாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 214

நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். வெல்லம் தட்டிய கை. விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த வெல்லம் அந்தச் சொட்டு ரத்தத்தில் கலந்திருக்கும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திவிட்டு 280 என்று அலறிக்கொண்டு வந்தவரை எனக்குத் தெரியும், கையைக் கழுவித் திரும்பக் குத்தியபோது 109. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விரலின் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறைவு. இரண்டு மணி நேரத்தை முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. இலக்கு இது: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குக் கீழ். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஊசி என்றால் தோல்வியா?

ஊசி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்றால், உங்கள் வெறும் வயிற்று எண் நன்றாக இருப்பதால் வாய்ப்பு இருக்கிறது என்பதே என் எண்ணம். கஞ்சியை நிறுத்தி, சோற்றை அளந்து, இரவில் சாப்பிட்டு ஒரு வாரம் பாருங்கள். காலை எண் 120க்குக் கீழே வந்துவிட்டால் டாக்டரே அப்படியே தொடரச் சொல்லலாம். அப்போதும் பல நாள் தாண்டினால் மருந்து வேண்டும். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போட 29ஆவது வாரத்தில் இடமில்லை, குழந்தை வேகமாக எடை போடும் காலம் இது.

மெட்ஃபார்மின் மாத்திரையும் இருக்கிறது, இன்சுலினும் இருக்கிறது. மாத்திரை நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும், இன்சுலின் போகாது. உங்களுக்கு எது என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்வார். அரசு மருத்துவமனையில் இவற்றுக்குக் காசில்லை. ஓரகத்தி சொன்னது பெரும்பாலோருக்குப் பொருந்தாது. நச்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த ஹார்மோன்களும் போய்விடும். பிரசவம் ஆன அன்றே இன்சுலினை நிறுத்தியவர்களே அதிகம். ஊசி போட வேண்டி வந்தால் இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். மருந்து ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஈர மண்ணில் பதித்த மண்பானை போதும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்து சர்க்கரை 70க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

வளைகாப்பும் பிரசவமும்

வளைகாப்பை நிறுத்த வேண்டாம். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று எத்தனை வகை சாதம் வைத்தாலும் வகைக்கு ஒரு கரண்டி, மொத்தம் ஒரு கப்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பொங்கலை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் சடங்குக்குப் போதும். மத்தியானம் விருந்து என்று காலையில் சாப்பிடாமல் இருக்காதீர்கள். ஊட்டிவிட வருகிறவர்களிடம் சுண்டலும் வடையும் உள்ள தட்டை நீட்டச் சொல்லி நாத்தனாரையோ தோழியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். 140 வந்தாலும் நோட்டில் எழுதுங்கள். ஒரு விருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சர்க்கரை என்பதற்காக மட்டும் ஆபரேஷன் செய்வதில்லை. கட்டுக்குள் இருந்து குழந்தையின் எடையும் அளவாக இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை. 4 கிலோவைத் தாண்டும் என்று ஸ்கேனில் தோன்றினால் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். சுமார் 39 வாரத்தில் வலி வரவழைக்கவும் சொல்லலாம். மாதாமாதம் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் கர்ப்பிணிகள் முகாமில் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடும் வாய்ப்பும் அதிகம். விடாத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பிறக்கும்போதே குழந்தைக்குச் சர்க்கரை நோய் வருவதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள், குழந்தையின் சர்க்கரை இறங்காமல் இருக்க அதுதான் முதல் மருந்து. சேனை வைக்கிறேன் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வாயில் வைக்க யாரையும் விடாதீர்கள். அதை இப்போதே மாமியாரிடம் பேசிவைத்துவிடுங்கள், பிரசவ அறை வாசலில் அந்தப் பேச்சை ஆரம்பிக்க முடியாது. வெல்லமும் நெய்யும் சேர்ந்த பிரசவ லேகியமும் உங்களுக்கு வேண்டாம். பூண்டுக் குழம்பும் கருவாடும் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது உங்களுக்கும் அதே 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை பிறந்த பரபரப்பில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. அந்தச் சோதனை முடிவு இயல்பாக வந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. திங்கட்கிழமை ராத்திரி நான் சொன்னபடி இரண்டு தோசையும் கூட்டும் சாப்பிட்டுப் பால் குடித்துவிட்டுப் படுங்கள். செவ்வாய் காலையில் இரண்டு இட்லி முழுசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே போனதும் நர்ஸ் கேட்பதற்கு முன்பே வீட்டு நோட்டை எடுத்து மேசையில் வையுங்கள், 148ம் 156ம் இருக்கிற பக்கத்தைத் திறந்து.